ஓ.டி. கழட்டியாச்சு

அவங் கால் மட்டுந்தான் தெரியுது. வெள்ளை வேட்டிக் கரை, அதுக்குக் கீழ பழுப்புத் தோல் செருப்பு, நகமெல்லாம் சுத்தமா வெட்டின பெருவிரல். இருவத்திரண்டு வருசமா என்ற வீட்டுப் பக்கமே வராத கால், இப்ப என் மண்டையிலிருந்து ரெண்டு முழம் தள்ளி நின்னு தரையில தாளம் போட்டுட்டு இருக்குது. நான் வண்டிக்கு அடியில மல்லாக்கக் கெடக்கறேன். முதுகுக்குக் கீழ சாக்கு, மூஞ்சிக்கு மேல ஒண்ணரை அடியில இந்த இங்கிலீஷ்கார வண்டியோட வயிறு, ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில சுரண்டற தகடு. "ஆச்சுங்களா மச்சான்?"ங்கறான். மச்சானாம். தங்கச்சியக் கட்டிக் குடுத்ததிலிருந்து ஆறு வருசம் வாய் நிறைய மச்சான், அப்புறம் திருட்டுப் பய, முந்தாநாளிலிருந்து மறுபடியும் மச்சான். "இப்பத்தானுங்களே மாப்ள படுத்தேன்"னு என்ற வாயும் பதில் சொல்லுது பாரு, இந்த வாய்க்குச் சூடு சொரணை ஒண்ணும் கெடையாது. மாப்ளன்னு கூப்பிட்டுப் பழகின வாய், மனசு காறித் துப்பினாலும் அது பாட்டுக்கு மரியாதை குடுக்குது. முந்தாநாள் போன் பண்ணினான். நம்பர் தெரியாம எடுத்துட்டேன், தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன், இல்ல எடுத்திருப்பேனோ என்னமோ. "சென்னியப்பன் பேசறேனுங்க மச்சான். அந்தப் பச்சை வண்டியக் கேட்டு மெட்ராஸ்ல இருந்து ஒரு டாக்டர் வர்றாருங்க. ஓவர்டிரைவ் இருக்குதா இல்லையான்னு அடியில படுத்துப் பாத்த ஆள் சொல்லோணும்ங்கறார். கோயமுத்தூர்ல திருமூர்த்தின்னு ஒருத்தர் இருக்காராமே, அவர் சொன்னாப் போதும்ங்கறார்." எம்பேர எங்கிட்டயே சொல்லிட்டுச் சிரிச்சான். "இல்லைன்னு உங்களுக்குத் தெரியாததுங்களா, இருந்தாலும் வந்து ஒரு பேச்சுச் சொல்லிட்டுப் போயிருங்க." அந்தச் சிரிப்புக்குத்தான் வந்தேன். அவனுக்காக வரல, டாக்டருக்காகவும் வரல. இந்த வீட்டுக்குள்ள என் தங்கச்சி நாயகி இருக்கறா, அவ காதுல விழற மாதிரி ஒரே ஒரு பேச்சு சொல்லிட்டுப் போகோணும், அதுக்குத்தான் அறுவத்தி ஒண்ணு வயசுல இந்த நோவெடுத்த இடுப்ப வெச்சுக்கிட்டு இங்க வந்து கெடக்கறேன்.

செருப்பு நகருது. வலப்பக்கம் ஸ்டாண்டுகிட்டப் போகுது. நாலு பக்கமும் நாந்தான் ஸ்டாண்டு குடுத்தேன், மூணு தடவ ஆட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள பூந்தேன், வண்டி இம்மியும் அசையாது, ஆனாலும் அந்தச் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் போறப்பெல்லாம் என்ற கண்ணும் அது பின்னாடியே போகுது. எட்டி ஒரு ஒதை ஒதைச்சான்னா முடிஞ்சுது ஜோலி. ஒதைக்க மாட்டான், அதுக்கெல்லாம் தைரியம் வேணும், அவன் செய்யறதெல்லாம் பத்துப் பேர் முன்னாடி வாயால செய்யறது. இப்ப என்ன பண்றான், கதவத் தொறக்கறான், உள்ள கைய உட்டு என்னத்தையோ அமுக்கறான், ஐயோ, பாம்ப்பேங்குது, நேரா என் காதுக்குள்ள. "அட, கை பட்டுருச்சுங்க"ங்கறான். கை பட்டுருச்சாம். கியர் குச்சி மண்டையில இருக்கற அந்தக் குட்டிச் சுவிட்சு, அது என்ன ஹார்னா? இவங்கப்பனுக்கு முன்னால வெள்ளைக்காரத் தொரை ஓட்டின காலத்துல அதுதான் ஓவர்டிரைவ் சுவிட்சு. நாலாவது கியர்ல அறுவதுல போய்க்கிட்டு இருக்கறப்ப அத அமுக்கினா, ஒரு சின்ன தட்டு, அம்புட்டுத்தான், இஞ்சின் சத்தம் அப்படியே அடங்கும், வேகம் குறையாது, அஞ்சாவது கியர் ஒண்ணு எங்கிருந்தோ வந்து சேந்த மாதிரி வண்டி லேசாகிப் போகும். அதத் தெரியாத எவனோ ஒரு எலக்ட்ரீசியன், இந்தா ஒரு சுவிட்சு சும்மா கெடக்குதேன்னு லாரி ஹார்ன் ஒண்ண அதுல கோத்து உட்டுட்டான். சுவிட்ச அமுக்கினா ஹார்ன் அடிக்குது, அப்ப ஓவர்டிரைவ் இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க இந்த மகானுங்க. அறிவுன்னு ஒண்ணு ஆண்டவன் குடுத்தானா இல்லையா.

இது போதாதுன்னு மீட்டரு. பழைய வண்டிகளப் பத்தித் தெரிஞ்சவனா ஒருத்தன் பெங்களூர்ல இருந்து வந்தான் அந்த வருசம், ஸ்பீடு மீட்டர் முகத்துல கீழ பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், அதக் கண்ணாடி வெச்சுப் படிச்சான். ஆயிரத்து இருநூத்து எண்பதுன்னு இருந்தா ஓவர்டிரைவ் போட்ட வண்டி, ஆயிரம்னு இருந்தா இல்லாத வண்டி. இதுல ஆயிரம். ஆயிரம்னு இருந்தது நெசந்தான். அந்த மீட்டர மாட்டினவனே நாந்தான். பழைய மீட்டர்ல முள்ளு ஒடைஞ்சு போச்சு, எங்க தேடியும் கெடைக்கல, காயலாங்கடையில ஓவர்டிரைவ் இல்லாத வண்டியோடது ஒண்ணு கெடைச்சுது, மாட்டி உட்டேன், அளவு கொஞ்சம் எச்சாக் காட்டும்னு சொல்லோணும்னு நெனச்சேன், சொல்லல. ஏன் சொல்லல? அவன் அன்னைக்கு ரொம்பக் குசியா இருந்தான், வண்டி வந்துருச்சு வண்டி வந்துருச்சுன்னு, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் பாலக்காட்டு ரோட்டுல நூறு மைல் வேகத்துல போனேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சான். எழுவத்தெட்டு மைல்டா மடையா, எழுவத்தெட்டு, மீட்டரு பொய் சொல்லுது. அத நெனச்சா இப்பக்கூடச் சிரிப்பு வருது, சிரிச்சா வாய்க்குள்ள மண்ணு கொட்டுது. ஆனா அந்த மீட்டர்தான் எனக்கு எதிரா சாட்சி சொல்லுச்சு. நானே தேடிப் பிடிச்சு மாட்டின சாட்சி. ராத்திரி படுத்தா அந்த ஆயிரத்துல மூணு சைபரும் கண்ணு முன்னாடி வந்து நிக்கும் எனக்கு, எத்தன வருசம் நின்னுது.

"டாக்டர் பதினோரு மணிக்கு வந்துருவாருங்க"ங்கறான். வரட்டும். நான் கியர்பாக்ஸோட முன்பக்கத்துல இருந்து சுரண்டிக்கிட்டு வர்றேன். இருவத்திரண்டு வருச எண்ணெயும் மண்ணும் சேந்து ரெண்டு விரக்கடைக்குக் கெட்டியாப் பிடிச்சிருக்குது, உருவமே தெரியல, இரும்பா மண்ணான்னு தட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஓவர்டிரைவ் இல்லாத பாக்ஸுன்னா பின்பக்கம் ஒல்லியா நீண்டு போய் முடிஞ்சுரும். இருந்தா அந்த வாலுக்குப் பதிலா குண்டா ஒரு டப்பா தொங்கும், அதோட விலாவுல டார்ச்சுக் கட்டை கனத்துக்கு ஒரு சொலினாய்டு, கரெண்டு வந்தா ஓவர்டிரைவ இழுத்து உடற சாமான், அதுக்குப் போற ஒரு ஒத்தை வயரு. அந்தச் சொலினாய்டுதான் எல்லாத்துக்கும் மூலம். அந்த வருசம் வண்டி எங்கிட்ட வேலைக்கு வந்தப்ப அது எரிஞ்சு போயிருந்துச்சு. கரெண்டு குடுத்தா ஒரேயடியாச் சூடாகுது, புதுசு சீமையில இருந்து வரோணும், மூணு மாசம் ஆகும். அவன் வண்டி வேணும் வண்டி வேணும்னு நாளுக்கு நாலு தடவ போன் பண்றான். சரின்னு வயர மட்டும் கழட்டி மடக்கிக் கட்டிட்டு, மத்ததெல்லாம் மாட்டி, அலசித் தொடைச்சு வண்டிய அவன் வீட்டுக்குத் தாட்டி உட்டேன், கூடவே ஒரு சீட்டும். நாலே வார்த்தை. 'ஓ.டி. கழட்டியாச்சு. பின்னாடி மாட்டிக்கலாம்.' ஓ.டி.ன்னா ஓவர்டிரைவ், ஒர்க்ஷாப்புல வேலை செய்யற எவனும் அப்படித்தான் எழுதுவான். லைட்டக் கழட்டியாச்சுன்னா லைட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்னா அர்த்தம்? கனெக்சனக் கழட்டியாச்சுன்னு அர்த்தம். கழட்டறதுன்னா எங்களுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு. 'வயரு'ன்னு ஒரு வார்த்தை, மூணே எழுத்து, அத முன்னால போட்டிருந்தா இன்னைக்கு நான் இந்த வீட்டுக் கூடத்துல உக்காந்து சோறு தின்னுட்டு இருப்பேன்.

அந்த வருசந்தான் நிவேதாவுக்குக் காதுகுத்து. நாயகியோட ஒரே புள்ள, மூணு வயசு. ஒரம்பரை சொந்தமெல்லாம் வந்தாச்சு, கோயில்ல ஜனம், ஆசாரி ஊசியோட உக்காந்தாச்சு, நான் சீர்த்தட்டோட போய்ப் பட்டு வேட்டிய மடிச்சு உக்காந்து மடிய விரிச்சு வெச்சேன். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தோணும், வேற யார் மடி? புள்ள எங்கிட்ட வர்றதுக்குக் கைய நீட்டுச்சு. அப்பத்தான் இவன் வந்தான், பையில இருந்து அந்தச் சீட்ட எடுத்தான். "எல்லாரும் பாருங்க, அவர் கையெழுத்துலயே எழுதியிருக்கறாரு, ஓ.டி. கழட்டியாச்சாம். எங்கப்பன் வண்டியில சாமானக் கழட்டி வித்துட்டு எங்கிட்டயே சீட்டெழுதிக் குடுக்கறாரு. கை நீளமான ஆள் மடியில எம்புள்ள உக்காராது." கோயில்ல மேளக்காரன்கூட அடிக்கறத நிறுத்திட்டான். நான் என்ன சொன்னேன்? "வண்டி உங்க வீட்டுல தானே நிக்குது, அடியில குனிஞ்சு பாருங்க, இருக்கும்"னு சொன்னேன். "நாங்கென்ன மெக்கானிக்குங்களா, பெங்களூர்க்காரன் மீட்டரப் பாத்தே சொல்லிட்டான்"னான். நான் அவனப் பாக்கல, நாயகியப் பாத்தேன். அவ புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, மொகத்தத் திருப்பிக்கிட்டா. எங்க ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் மடியில வெச்சுக் குத்தினாங்க. புள்ள அழுதது எனக்கு மண்டபத்துக்கு வெளிய, செருப்பு போடற எடம் வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நிவேதாவுக்குச் சடங்கு சுத்தினாங்க, கல்யாணம் பண்ணினாங்க, எதுக்கும் மாமன் சீர் இல்ல. எங்கம்மா செத்தப்ப நாயகி வந்தா, மாலை போட்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, போயிட்டா. இவன் திருட்டுப் பட்டம் கட்டினது ஒரு பக்கம் கெடக்கட்டும். எங்கூடப் பொறந்தவ, நான் எச்சில் பண்ணின முட்டாயத் தின்னு வளந்தவ, எங்கண்ணன் எடுத்திருக்க மாட்டான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. இவன் மேல எனக்குக் கோவம், அவ மேல எனக்கு ஆறவே ஆறாது.

தகடு வழுக்கி விரல்ல கிழிச்சிருச்சு. ரத்தமும் எண்ணெயும் சேந்து மணிக்கட்டு வழியா எறங்குது. பரவால்ல. பாக்ஸோட நடுப்பகுதி வந்துட்டேன், இன்னும் ஒரு ஜாண் போனா வால். அங்க வந்து கை நிக்குது. ஏன் நிக்குது? பயமா இருக்குது, வேறென்ன. இல்லாமப் போயிருந்தா? இந்த இருவத்திரண்டு வருசத்துல எவனெவன் கைக்குப் போச்சோ வண்டி, நெசமாவே எவனாச்சும் கழட்டி வித்திருந்தா? அப்ப நான் வெளிய வந்து என்னத்தச் சொல்லுவேன், இல்லைன்னா, அவன் பாத்தியா பாத்தியான்னு சிரிப்பான், டாக்டர் எழுதிக்குவாரு, நாயகி உள்ள இருந்து கேட்டுட்டு அடுப்பப் பாக்கப் போயிருவா, நான் சாகற வரைக்கும் திருடன். அதுகூடப் பரவால்ல. அதவிடக் கேவலமான ஒரு பயம் இருக்குது, யாருகிட்டயும் சொன்னதில்ல. நாந்தான் எடுத்துட்டேனோ? அந்த வருசம் எனக்குக் கடன் கழுத்து வரைக்கும். மூணு வண்டி ஒரே சமயத்துல பிரிச்சுப் போட்டுக் கெடந்துச்சு. மாட்டினேன்னு நெனப்பு இருக்குது, ஆனா அந்த நெனப்பு மாட்டினப்ப வந்ததா, இல்ல இருவத்திரண்டு வருசமா மாட்டினேன் மாட்டினேன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லி வந்ததா? ஊரே ஒருத்தனத் திருடன்னு சொன்னா ஒரு நாளாவது அவன் தன் பொட்டியத் தொறந்து பாப்பான். நானும் பாத்தேன். என்ற ஒர்க்ஷாப்புல ஒரு மூலை உடாம ஒரு நாள் பூராத் தேடினேன், எம் பொண்டாட்டி என்ன தேடறீங்கன்னு கேட்டா, ஸ்பேனர்னு சொன்னேன். கேவலமா இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்குது.

"என்னங்க, சத்தத்தையே காணம்?"ங்கறான் மேல இருந்து. "தூங்கிட்டீங்களா?" தூங்கறனாம். வாடா, நீ வந்து ஒரு நிமிசம் இங்க படு, தூக்கம் வருதான்னு பாக்கலாம். பல்லக் கடிச்சுட்டுத் தகட்ட உள்ள குடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். கட்டியா ஒரு துண்டு பேந்து நெஞ்சு மேல உழுந்துச்சு. டார்ச்சத் திருப்பல. கைய மட்டும் உட்டேன். ஒல்லியா இருந்தா விரலு சுத்தி வந்துரும். சுத்தி வரல. முட்டுது. கைய அகலமா விரிச்சேன், அப்பவும் முட்டுது, குண்டா, அடிப்பக்கம் தட்டையா மூடி, மூடியச் சுத்தி வரிசையா போல்ட்டு. விலாவுக்குப் போனேன், அங்க சொலினாய்டு, அதுக்கு மேல வயரு, வயரோட நுனி மடக்கி, நூல் சுத்தி, ரெட்டை முடிச்சு. நாந்தான் போட்டேன் அந்த முடிச்ச. இன்சுலேசன் டேப்பு சூட்டுக்கு உருகிப் பிரியும்னு நான் நூல் சுத்தித்தான் கட்டுவேன், இந்த ஊர்ல வேற எவனும் கட்ட மாட்டான். அப்புறந்தான் டார்ச்ச அடிச்சேன். பித்தளைத் தகடு ஒண்ணு பச்சை பூத்துக் கெடக்குது, துணியில தேச்சா இங்கிலீஷ்ல ஓவர்டிரைவ்னு பேரும் நம்பரும் வருது. இருக்குது. இந்த எடத்த உட்டு அது எங்கயும் போகல. சந்தோசமா இருக்கும்னு நெனச்சிருந்தேன், ஒரு மண்ணும் இல்ல, ஆத்திரந்தான் வருது, வண்டிய அப்படியே தலைக்கு மேல தூக்கி அவன் மேல போடலாமான்னு வருது. கைக்கெட்டற தூரத்துல இருந்துருக்குது. இவனுங்க இது மேலயே உக்காந்து ஊரெல்லாம் சுத்திருக்கானுங்க, என்னத் திருடன்னு சொல்லிக்கிட்டே.

"இருக்குதுங்க"ன்னேன்.

"என்னங்க இருக்குது?"

"ஓவர்டிரைவ். முழுசா இருக்குது. நான் வயரக் கழட்டினது கழட்டின மாதிரி இருக்குது. வாங்க, வந்து படுத்துப் பாருங்க."

செருப்பு தாளம் போடறத நிறுத்திருச்சு. இப்ப குனிவான், இப்ப மண்டி போடுவான்னு நான் வேட்டிக் கரையவே பாத்துட்டுக் கெடந்தேன். ஒரு தடவ முட்டி லேசா மடங்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் நிமிந்துக்கிச்சு.

"அட, நான் எதுக்குங்க பாக்கோணும்"னான், நல்லா இனிப்பா. "உங்க பேச்ச நம்பாம வேற யார் பேச்ச நம்பப் போறேன்? நீங்க சொன்னாப் போதுமுங்க மச்சான். அன்னைக்கு என்னமோ நேரம், அந்தப் பெங்களூர்க்காரன் கெளப்பி உட்டுட்டான். உடுங்க, பழசு எதுக்கு. எந்திரிச்சு வாங்க, டாக்டர் வந்தா நீங்களே சொல்லிருங்க."

நம்பறானாம். வெறும் வாய் வார்த்தையா நான் நின்ன அன்னைக்கு நம்பல. இன்னைக்கு இரும்பா இருக்குது, வந்து தொட்டுப் பாருன்னா, வேண்டாம் உங்க பேச்சே போதும்ங்கறான். இதவிட அவன் இல்லைன்னு சொல்லிச் சண்டைக்கு வந்திருக்கலாம். "படுத்துப் பாருங்க மாப்ள!"ன்னு கத்தினேன். ஷெட்டுத் தகரத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு என்ற சத்தம். "ஏனுங்க சத்தம் போடறீங்க, அதுதான் நம்பறேன்னு சொல்றேனே"ன்னு அவன் நாலடி தள்ளிப் போயிட்டான். "நீங்க வராம நான் எந்திரிக்க மாட்டேன்"னேன். சின்னப் புள்ள மாதிரிப் பேசறேன்னு எனக்கே தெரியுது, இருந்தாலும் எந்திரிக்க மாட்டேன், டாக்டர் வரட்டும், போலீஸ் வரட்டும், எங்கண்ணு முன்னாடி இவன் முதுகு இந்தச் சிமிட்டித் தரையில படற வரைக்கும் நான் இங்கிருந்து அசையப் போறதில்ல.

அப்பத்தான் இன்னொரு கால் வந்துச்சு. செருப்பில்லாத கால், மெட்டி தேஞ்சு போனது, குதிகால்ல வெடிப்பு. எங்கம்மா கால்னு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு. டம்ளர் ரெண்டு தரையில வெக்கற சத்தம். "நீ எதுக்கு இங்க வர்ற, உள்ள போ"ங்கறான் அவன். அந்தக் கால் நகரல. எத்தன நேரமா அங்க நின்னாளோ, எதெதக் கேட்டாளோ.

"எந்தப் பக்கமாப் படுக்கோணும்?"னு கேட்டா நாயகி.

சாக்க இந்தப் பக்கமா இழுத்துப் போட்டேன். சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, கைய ஊணி, முட்டி ஊணி, அப்பா முருகான்னு முனகிக்கிட்டே படுத்து, ஒருக்களிச்சு நவுந்து நவுந்து உள்ள வந்தா. நரைச்சுப் போச்சு தலை. வேத்து ஊத்துது. "ஏய், உனக்கென்ன கிறுக்கா, சேலையெல்லாம் எண்ணெய் ஆகுது"ன்னு வெளிய அவன் கத்தறான், அவ கேட்ட மாதிரியே காட்டிக்கல. ரெண்டு பேரும் தோள ஒட்டி மல்லாக்கக் கெடக்கறோம். நான் டார்ச்ச அடிச்சேன். இத எப்படிச் சொல்றது, ஓவர்டிரைவ்னா என்னன்னு அவளுக்கு என்ன தெரியும், முன்பக்கத்தக் காட்டி, இது பாக்ஸ் அம்மிணி, இது இங்க ஒல்லியா முடிஞ்சுரோணும், முடியல பாரு, இந்தக் குண்டுதான், இந்த வயரத்தான் நான் கழட்டினேன், வயர மட்டும் அம்மிணி, வயர மட்டும்னு ரெண்டு மூணு தடவ சொன்னேன் போல. வெளிச்சத்த அங்கயும் இங்கயுமா ஓட்டறேன். அவ எங்கையப் பிடிச்சு டார்ச்ச நிறுத்தினா. அந்த முடிச்ச விரல்ல தொட்டா, பித்தளைத் தகட்டத் தொட்டா, விரலெல்லாம் கருப்பாச்சு.

"இதுதானுங்களாண்ணா?"

"இதுதான்."

அவ கண்ணு ஓரமாத் தண்ணி எறங்கிக் காதுக்குள்ள போகுது, தொடைக்கல.

"அன்னைக்கே நான் குனிஞ்சு பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

தெரிஞ்சிருக்காது அம்மிணி, உனக்கென்ன தெரியும், உடுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சொல்லியிருந்தா அவ நிம்மதியாப் போயிருப்பா. அன்னைக்கு வண்டிய அலசித்தான் குடுத்தேன், அடியில ஒரு சொட்டு அழுக்கில்ல, பித்தளைத் தகடு பளபளன்னு இருந்துச்சு.

"தெரிஞ்சிருக்கும்"னேன்.